கடலுக்கு முறை வைத்த கதை

என் வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பழிப்பதற்காகச் சொல்லவில்லை, அவரே ஒப்புக்கொண்ட உண்மை இது. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, ஆட்கள் அதைத் தண்ணீருக்குள் தள்ளுவதற்குள் முகம் வெளிறிவிடும். அப்படிப்பட்ட மனிதரைத் தேடிப் பிடித்துத்தான் அரசாங்கம் மீன் ஆபீசில் இன்ஸ்பெக்டராகப் போட்டது. அவருக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் நெல் விளையும் ஊர். எனக்குக் கோட்டையூர்ப் பக்கம். இரண்டு குடும்பத்திலும் கடலைப் பார்த்தவர்கள் என்றால் ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போனவர்கள்தான். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு முழுக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

பெண் பார்க்க வந்தபோது என் தாய்மாமன் கேட்டார்:

"கடல்ல மாப்பிள்ளைக்கு என்ன வேலை? அலைய எண்ணுறதா?"

"மீனப் பெருக்குறதுங்க" என்றார் மாப்பிள்ளை.

"அது தானாப் பெருகிக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்றார் மாமன். அதற்குள் பலகாரத்தட்டு வந்துவிட்டது.

கல்யாணம் ஆனது அறுபதுகளின் கடைசியில். கடற்கரையிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். பருப்பு வேகாத தண்ணீரில் குடித்தனம் நடத்த என்னால் ஆகாது என்று கிணற்றடியிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே காரைக்குடியில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியேறினோம். முன்கட்டில் வீட்டுக்கார ஆச்சி இருந்தார். கடலைக் கவனிக்க வேண்டியவர் தினமும் காலையில் தேவகோட்டை வழியாக பஸ்ஸில் கடலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தார். அவர் இல்லாத நேரத்திலும் கடல் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவருக்கு அப்போது இட்டிருந்த வேலை, பாயும் துடுப்பும் வைத்து வள்ளம் ஓட்டியவர்களிடம் இயந்திரம் பூட்டிய விசைப்படகையும் நைலான் வலையையும் பற்றி எடுத்துச் சொல்வது. அதற்கென்று ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். முகம் மழித்துக்கொண்டே கண்ணாடிக்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்ப்பார். "நமது கடல் அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம்" என்று ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. மாவு ஆட்டும்போது என்னை அறியாமல் நானே சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தக் கரையின் மாதா கோயில்தெருப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லி விளையாடியதாகக் கேள்வி.

குறை சொல்லக் கூடாது. சொன்னதை அவர் நம்பிச் சொன்னார். விசைப்படகு வாங்கிய சிலர் ஓலைக் குடிசையை மாற்றி ஓட்டு வீடு கட்டினார்கள், அதையும் கண்ணால் கண்டார். கரையில் யாராவது கூடையில் மீன் கொடுத்தால் தொட மாட்டார். அவ்வளவு நேர்மை. அதனால் மீன் இன்ஸ்பெக்டர் வீட்டில் நல்ல மீன் தின்னவேண்டும் என்றால் நான் தெருவில் கூடைக்காரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

அந்தக் கூடைக்காரரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதே கரைக்காரர். விடியற்காலையில் வள்ளம் கரையேறியதும் புருசன் கொண்டுவந்த மீனைப் பனையோலைக் கூடையில் அள்ளிக்கொண்டு முதல் பஸ்ஸில் காரைக்குடி வந்துவிடுவார். நல்ல உயரம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. கூடையை பஸ்ஸின் மேலே ஏற்றச் சொன்ன கண்டக்டரிடம், "மீனு மேல போனா நானும் மேலதான் போவேன். ஏணியப் புடி" என்று சொன்னவர். அந்தக் கரைக்கு வந்த முதல் விசைப்படகு, அவர்கள் பேச்சில் லாஞ்சு, அவருடைய கூடப்பிறந்த தம்பியுடையது. என் வீட்டுக்காரரின் பிரசங்கத்துக்குக் கிடைத்த முதல் பலன் அந்தத் தம்பிதான். அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவர் தன் சொந்தப் பிள்ளை பாஸானதைப்போலப் பேசுவார்.

இரண்டு மூன்று வருஷம் போனது. ஒரு நாள் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தாயி, இன்னைக்கும் பொடி மீனு சூடைதான். ஊளி மீனு கேக்காதீக" என்றார்.

"மூணு வாரமா இதேதான சொல்றீக. ஊளியெல்லாம் எங்கிட்டுக்கா போச்சு?"

"ஒங்க வீட்டு ஐயாவத்தான் கேக்கணும். அவுக குடுத்த லாஞ்சு அடிக்கடல அரிச்சு வாரிட்டுப் போகுது. எறாலப் பொறுக்கிக்கிட்டு, மிச்சம் மீதி குஞ்சுகுளுவான எல்லாம் உரத்துக்குன்னு கரையில காயப் போடுறாக. குஞ்சக் காய வச்சா தாய் எங்கிட்டு இருந்து வரும்?"

உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் கத்தி நின்றது எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பிரசங்கம் பாதியோடு போயிற்று.

அது போதாது என்று வலைச் சண்டை வேறு வந்தது. வள்ளக்காரர்கள் ராத்திரி வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். விசைப்படகுகள் இருட்டில் இழுவை மடி என்னும் பைவலையோடு அதன்மேல் ஏறிப் போய்விடும். காலையில் மிஞ்சுவது கந்தல்தான். அக்காவின் புருசனுக்கு அப்படி இரண்டு வலை போனது. இரண்டாவது வலையைக் கிழித்தது தம்பியின் படகேதான் என்று ஊரில் பேச்சு. அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"மூணாவது வலையும் போச்சுன்னா செங்கச் சூளைக்குத்தான் போகணும் தாயி. அவுகளுக்கு மண்ணப் பெசையத் தெரியாது. கடலத் தவிர ஒண்ணும் தெரியாது" என்றார்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "முன்னேற்றம்னா சில சிரமம் இருக்கத்தான் செய்யும்" என்றார். "அந்தச் சிரமம் யாருக்குன்னு பாத்தீகளா?" என்றேன். பேப்பரை எடுத்து விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் தோற்றுப்போனால் பேப்பர் படிப்பார்.

அந்தச் சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடி வைத்திருந்தார்கள். அவரையும் கூட்டிப் போனேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாத வழக்கம் அது. கண்மாய் வற்றி முழங்கால் அளவு வரும்வரை ஒருத்தரும் தூண்டில்கூடப் போடக் கூடாது. நாள் குறித்து, ஊரே கச்சா வலையும், மீனைக் கவிழ்த்து மூடிப் பிடிக்கும் ஊத்தாக் கூடையுமாகக் கரையில் வரிசை கட்டி நிற்கும். ஊர்த் தலைவரான அம்பலம் கரைமேல் ஏறித் துண்டை வீசினால்தான் இறங்கலாம். இறங்கினாலும் மடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் கை வைக்கக் கூடாது. அதில் கிடக்கிற தாய் விரால்கள் அடுத்த மழைக்கு வேண்டும்.

அம்பலம் இன்னும் கரையேறவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஓர் அடிக்கோலோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அதிலும் நேராக மடைப் பள்ளத்துக்கு. மீன் ஆபீசர் அல்லவா, விராலின் நீளத்தை அளக்கலாம் என்று நினைத்தாராம்.

ஊர் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அம்பலம் வந்து பார்த்தார். மாப்பிள்ளை என்பதற்காகச் சத்தம் போடவில்லை. "மாப்பிள்ளை, மேல வாங்க. இன்னைக்கு நீங்க வேடிக்கை மட்டும் பாருங்க" என்றார். மீன்பிடி முடியும்வரை தண்ணீரைத் தொடக் கூடாது என்பது அதன் அர்த்தம். என் வீட்டுக்காரர் உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு, கரைமேல் அடிக்கோலோடு நின்றார். கெண்டையும் கெளுத்தியும் அவர் காலடியில் கூடை கூடையாகப் போயின. என் சித்திமார் சிரிப்பை அடக்கச் சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். நான் அடக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அடிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறகு, "போலீசு இல்ல, ஆபீசு இல்ல. இத்தன பேரும் எப்படி அடங்கி நிக்கிறாக?" என்று கேட்டார்.

"அடுத்த வருசமும் மீனு திங்கணும்ல" என்றேன்.

அடுத்த மாதம் நடந்ததற்குப் பாதிக் காரணம் நான்தான். வள்ளக்காரர்கள் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரச் சொல்லுங்கள் என்றேன். இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். விசைப்படகுக்காரர்கள் அங்கே ஆபீசில் இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்றிருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு கூட்டமும் ஒரே கோயிலில் பூசை பார்த்துவிட்டு, ஒரே பஸ்ஸில், ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து வந்து எங்கள் பின்கட்டில் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஆச்சி முன்கட்டிலிருந்து ஆள் அனுப்பி, பின்கட்டில் கல்யாணம் ஏதும் நடக்கிறதா என்று விசாரித்தார். அவ்வளவு சத்தம். அக்காவின் புருசன் கிழிந்த வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து நடுவில் போட்டார். தம்பி அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கடலு என்ன ஒங்க பாட்டன் வெட்டுன கெணறா மச்சான்? இருட்டுல வலை எங்க கெடக்குன்னு எனக்குச் சோசியமா தெரியும்?" என்றான். ஒருத்தர் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். அடிதடிக்கு அதற்கு மேல் ஒரு படிதான் பாக்கி.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, கையை உயர்த்தி, "நமது கடல்..." என்று ஆரம்பித்தார்.

"அட்சய பாத்திரம். தெரியும்யா, சொல்லிட்டீக" என்றான் தம்பி.

அப்போது நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்:

"எங்கூருல ஒரே மடைத் தண்ணி. அண்ணன் வயலுக்கு ரெண்டு நாளு, தம்பி வயலுக்கு ரெண்டு நாளுன்னு முறை வச்சுப் பாய்ச்சிக்கிறோம். அருவாளத் தூக்குறதில்ல. இம்புட்டுப் பெரிய கடல வச்சுக்கிட்டு ஒங்களுக்கு என்ன கேடு?"

தம்பி ரொம்ப மரியாதையாக, "கடலுக்கு மடை எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்கக்கா, இப்பவே போயி அடைச்சுப்புட்டு வாரேன்" என்றான். வள்ளக்காரர், விசைப்படகுக்காரர் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. எனக்குக் காது வரை சுட்டது. வயல்காட்டுக்காரி கடலைக் கண்மாய் என்று நினைத்துவிட்டாள் என்பது சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிடும். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

சிரிக்காதவர் அக்கா ஒருத்தர்தான். வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"மடை வேண்டாம்டா. நாளு போதும்."

அங்கிருந்துதான் பேரம் தொடங்கியது. என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முந்தின நாள் பொழுதுசாயக் கடலுக்குப் போய், எந்தக் காலையில் யார் மீனோடு கரையேறுவது என்பது பேச்சு. வாரத்துக்கு ஏழு நாள். தம்பி பெரிய மனசோடு, ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து நான்கு நாள் வள்ளத்துக்கு, மூன்று நாள் எங்களுக்கு என்றான். எல்லாரும் தலையாட்டப் போனார்கள்.

"ஞாயித்துக்கெழமய எங்க பங்குல தள்ளாத. அது ஆண்டவரு பங்கு. பூசை நேரத்துல எவன் கடல்ல கெடப்பான்?" என்றார் அக்கா. தம்பி தலையைச் சொறிந்தான். அவனும் அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்தானே.

மீதி ஆறு நாள், மூன்றுக்கு மூன்று. எந்த மூன்று என்பதில் மறுபடி மோதல். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. செவ்வாய், வெள்ளியில் காரைக்குடியில் எங்களைப் போன்ற வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. அந்த நாட்களில் அக்கா கூடையோடு வந்து கூடையோடு திரும்புவார். விசைப்படகின் இறாலோ ஐஸில் வைத்து வெளிநாட்டுக்குப் போவது. வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வெள்ளிக்கிழமை? இதைச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய், வியாழன், வெள்ளி விசைப்படகுக்கு என்றும், திங்கள், புதன், சனி வள்ளத்துக்கு என்றும் காலண்டர் தாளில் ஏறியது.

எழுதி முடித்த பிறகு என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "குஞ்சு எங்க வளருது?" என்று கேட்டார். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் அந்த ஆட்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கரையை ஒட்டி, கடல்புல் மண்டிக் கிடக்கும் ஆழமில்லாத ஓரிடத்தை இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொன்னது. அதன்மேல் யாரும் மடி இழுப்பதில்லை என்று அதையும் எழுதினார்கள்.

ஒழுங்காக நடந்ததா என்றால், உடனே நடக்கவில்லை. இரண்டு படகு முறை தவறிப் போனது. ஊர் கூடி, இரண்டு வாரம் அந்தப் படகுகளின் வலையைக் கோயில் வளாகத்தில் போட்டுப் பூட்டியது. அதன்பிறகு அடங்கினார்கள். அக்காவின் புருசனுடைய மூன்றாவது வலை கிழியவில்லை. இரண்டாம் வருஷம் ஊளி மீன் மறுபடி கூடையில் வந்தது. முறை வைத்ததால்தான் என்றார் என் வீட்டுக்காரர். மாதா கருணை என்றார் அக்கா. மழை நல்ல மழை என்று நான் நினைத்தேன். குழம்பு நன்றாக இருந்ததில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் உத்தியோகஸ்தர். ஒரு நல்ல காரியம் காகிதத்தில் ஏறாவிட்டால் அது நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது. முறை, மடைப் பள்ளம், அம்பலம், துண்டு என்று கண்மாய் வழக்கத்தை எல்லாம் உதாரணம் காட்டி மேலே ஓர் அறிக்கை அனுப்பினார். ராத்திரி சமையல்கட்டில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மேலே இருந்தவர்கள் முதல் பக்கத்தை மட்டும் படித்திருக்க வேண்டும். கண்மாய் விவகாரம் என்று எண்ணி, கண்மாய்களைப் பார்க்கும் வேறோர் ஆபீசுக்கு அதைத் தள்ளிவிட்டார்கள். அங்கே அது ஒரு வருஷத்துக்கு மேல் தூங்கியது. பிறகு பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் கண்மாய் எங்கள் பதிவேட்டில் இல்லை, அதன் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், எத்தனை ஏக்கர் என்று தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். கடலின் ஆயக்கட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. சுற்றி வந்த அறிக்கையை இந்த முறை யாரோ இரண்டாம் பக்கமும் படித்துவிட்டார்கள். விசைப்படகுகளை வாரத்தில் பாதி நாள் கட்டிப் போட யார் உத்தரவு கொடுத்தது என்று மெமோ வந்தது. உத்தரவு இல்லை, அவர்களே பேசி வைத்துக்கொண்டது என்று எழுதினார். மாற்றல் வந்தது. சிவகங்கைப் பக்கம் மீன்குஞ்சு வளர்க்கும் பண்ணைக்கு, காரைக்குடியிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் தூரம். முழங்காலளவு தண்ணீர், அலை கிடையாது, வாந்தி கிடையாது. அவர் உடம்புக்கு ஏற்ற உத்தியோகம் அரசாங்கம் கொடுத்தது அப்போதுதான்.

ஆனால் மனிதர் இளைத்துப் போனார். தன் பழைய இடத்துக்கு வரப்போகிறவர் முறையை உடைக்கச் சொல்லித்தான் அனுப்பப்படுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். "நான் எழுதாம இருந்திருக்கணும். எழுதித்தான் கெடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தட்டில் போட்டது அப்படியே இருக்கும். அவரை எதற்கெல்லாமோ கேலி செய்திருக்கிறேன். அந்த நாட்களில் வாய் வரவில்லை. பாவமாக இருந்தது. எனக்கும் பயமாக இருந்தது. அக்கா ஒரு வாரமாக வரவில்லை. சூளைக்குப் போய்விட்டார்களோ என்று தினமும் முதல் பஸ் வரும் நேரத்தில் வாசலில் போய் நின்றேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கூடை வந்தது. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். இவர் பண்ணைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், பொத்தான் போடாமலே வெளியே வந்தார்.

"புது ஆபீசர் வந்துட்டாராக்கா?" என்றேன்.

"வந்தாரு. நேத்துப் பொழுதுசாயக் கரைக்கே வந்து நின்னாரு. இனிமே லாஞ்செல்லாம் எந்நாளும் போகலாம், எவன் தடுக்குறான்னு பாக்குறேன்னு சத்தம் போட்டாரு. வள்ளத்துக்காரவுக நாங்க வலைய வள்ளத்துல ஏத்திக்கிட்டு நின்னோம். எந்தம்பி லாஞ்சுதான் மொதல்ல நிக்குது."

"போயிட்டானா?" என்றார் இவர்.

"போகல. எறங்கி வந்து, கையக் கட்டிக்கிட்டு நின்னு, விடிஞ்சா திங்கக்கெழம, எங்க நாளு இல்லீங்க, எங்கக்கா நாளுன்னு சொன்னான். ஒரு லாஞ்சும் நகரல."

என் வீட்டுக்காரர் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார். "என் முறை நிக்குது" என்றார்.

அக்கா கூடையில் மேலே கிடந்த ஊளியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். பிறகு அவரைப் பார்த்து, "ஒங்க முறையா? ஐயா, ஒங்க முறையா இருந்தா ஒங்களோட பஸ்ஸேறிப் போயிருக்கும். அது எங்க முறை" என்றார்.

"ஆமா, ஒங்க முறைதான்" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு பேச்சில் தோற்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.